பழைய இத்தாலிய ஸ்டீல் பிரேம்: நூல் பிடித்து அளப்பதும் ஓட்டிப் பார்ப்பதும்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் 1997 முதல் எரோயிகா என்ற சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1987 வரை செய்யப்பட்ட ரோடு சைக்கிள்களுக்கான ஓட்டம் அது. கியர் லீவர் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும்; பெடலில் பாதத்தைப் பிடிக்கும் டோ கிளிப்பும் வாரும் வேண்டும்; பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு மேலே வளைந்து வர வேண்டும். இந்த ஓட்டத்தின் புகழ் பரவப் பரவ, 1970, 80களின் இத்தாலிய பிரேம்களுக்கு மவுசு கூடியது. அடிபட்ட பிரேமுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் கூடவே வந்துவிட்டது.

புதிதாக வாங்குபவரின் கண் முதலில் தயாரிப்பாளர் பெயருக்குத்தான் போகும்: கொல்னாகோவா, டி ரோசாவா, மாசியா, பினரெல்லோவா என்று. நாங்கள் சொல்லும் வரிசையில் பெயர் கடைசியில் வரும். அளவு உங்களுக்குப் பொருந்துகிறதா, பிரேம் நேராக இருக்கிறதா, மரைகள் தேயாமல் இருக்கின்றனவா, ஓட்டினால் எப்படி இருக்கிறது என்று இந்த வரிசையில் பாருங்கள். நான்கிலும் தேறிய பெயர் தெரியாத பிரேம், கோணிப்போன கொல்னாகோவைவிட நன்றாக ஓடும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: நீளாத மெல்லிய நூல் 3 மீட்டர், டிஜிட்டல் வெர்னியர், 30 செ.மீ. எஃகு ஸ்கேல், சிறு டார்ச், சிறிய காந்தம், தொங்கு தராசு. கோட்டம் எடுத்த 700சி சக்கரம் ஒரு ஜோடியும் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

குழாயைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

அந்தக் கால இத்தாலிய பிரேம்களில் பெரும்பாலானவை கொலம்பஸ் குழாயில் செய்தவை. 1919-இல் மிலானில் ஆஞ்சலோ லூயிஜி கொலம்போ தொடங்கிய நிறுவனம் அது. எஸ்.எல். என்ற குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்தான் பந்தய பிரேம்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது. அதன் சுவர்த் தடிமன் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. பித்தளை அல்லது வெள்ளி வைத்துப் பற்றவைக்கும்போது முனைக்குத்தான் சூடு ஏறுகிறது. ஓட்டும்போது அழுத்தமும் அங்கேதான் விழுகிறது. அதனால் முனை தடிமன், நடு மெலிவு. எஸ்.பி. என்பது ஒரு படி தடித்தது: முனையில் 1.0, நடுவில் 0.7. உயரமானவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் அதைப் பயன்படுத்துவார்கள். 1980களில் வந்த எஸ்.எல்.எக்ஸ். குழாயில் பி.பி. (பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுழலும் கூடு) பக்கத்து முனைகளின் உட்புறம் சுருளாகச் செல்லும் வரிகள் உண்டு.

இந்த 0.6 மி.மீ. எண் மனத்தில் இருக்கட்டும். ரிப்பேர் ஸ்டாண்டின் கிடுக்கியை மேல்குழாயில் பூட்டி இறுக்கினால் ஒடுக்கு விழும். பழைய பிரேம்களில் மேல்குழாயின் நடுவில் தெரியும் ஒடுக்குகளில் பல, சாய்ந்து விழுந்தபோது ஹேண்டில்பார் திரும்பி இடித்ததால் வந்தவை. விரல் நுனி அளவுக்கு, மடிப்பு விழாமல் மழுங்கலாக இருந்தால் அது அழகைத்தான் கெடுக்கும், ஓட்டத்தைக் கெடுக்காது. மடிப்பு விழுந்த கூரான ஒடுக்கு என்றால் வாங்க வேண்டாம்.

அளவு

விற்பவர் "56" என்று சொன்னால், எங்கிருந்து எங்கே அளந்தது என்று உடனே கேளுங்கள். கொல்னாகோ, பி.பி. நடுவிலிருந்து இருக்கைக்குழாயின் உச்சி வரை அளந்தது. வேறு பலர் பி.பி. நடுவிலிருந்து மேல்குழாயின் நடுக்கோடு வரை அளப்பார்கள். இரண்டுக்கும் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வித்தியாசம் வரும். இருக்கைக்குழாய் உயரத்தைவிட மேல்குழாயின் நீளம் முக்கியம். தலைக்குழாயின் நடுவிலிருந்து இருக்கைக்குழாயின் நடு வரை நீங்களே அளந்து, இப்போது வசதியாக ஓட்டும் சைக்கிளோடு ஒப்பிடுங்கள். ஒரு செ.மீ. வித்தியாசத்தை ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு) மாற்றிச் சரிக்கட்டலாம். மூன்று செ.மீ. என்றால் முடியாது: ஸ்டெம் மிகக் குட்டையாகவோ நீளமாகவோ போய், சைக்கிள் திரும்பும் விதமே மாறிவிடும்.

முன்பக்கம்: மோதல் அடையாளம்

பழைய பிரேமில் மறைக்கப்படும் சேதங்களில் முதலிடம் நேருக்கு நேர் மோதலுக்கு. சக்கரம் பின்னால் தள்ளப்படும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளையும், அடுத்து கீழ்க்குழாயும் மேல்குழாயும் தலை லக்கை (குழாய்களை இணைக்கும் உலோக உறையை) ஒட்டிச் சுருங்கும். கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் லக் முடியும் இடத்திலிருந்து ஐந்தாறு செ.மீ. பின்னால் வரை கட்டைவிரலை மெதுவாக இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு புடைப்பும் விரலுக்குத் தட்டுப்படும். மேல்குழாயின் அடியிலும் அதேபோல் பாருங்கள். பெயின்டில் குறுக்காக மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் உள்ளே உலோகம் மடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். புதுப் பெயின்ட் அடித்த பிரேமில் காந்தத்தைக் குழாய் நெடுக நகர்த்துங்கள். பட்டி போட்டு நிரப்பிய இடத்தில் பிடிப்பு சட்டென்று தளரும்.

ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வளைந்த காலுள்ள ஃபோர்க்கில், காலின் மேல்பாதியான நேர்ப்பகுதி தலைக்குழாயின் கோட்டிலேயே தொடர வேண்டும். பின்னால் சாய்ந்திருந்தால் அடி வாங்கியது. கொல்னாகோவின் பிரெச்சீசா போன்ற நேர்க்கால் ஃபோர்க்கில் கால்கள் கிரவுனிலிருந்தே (இரு கால்களும் சேரும் மேல்பகுதியிலிருந்தே) முன்சாய்வாக வருவதால் இந்தச் சோதனை செல்லாது. அதற்குச் சக்கரத்தை மாட்டிப் பாருங்கள்: கிரவுனின் நடுவில் நிற்கிறதா? நிற்காவிட்டால் சக்கரத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி மாட்டுங்கள். விலகல் அதே பக்கம் இருந்தால் குறை ஃபோர்க்கில். மறுபக்கம் போனால் குறை சக்கரத்தில்.

விற்பவர் அனுமதித்தால் ஃபோர்க்கைக் கழற்றுங்கள். ஸ்டியரர் குழாயில் (ஃபோர்க்கிலிருந்து தலைக்குழாய்க்குள் ஏறும் குழாயில்) கொலம்பஸின் புறா முத்திரையைத் தேடுங்கள். எஸ்.எல்., எஸ்.பி. ஸ்டியரர்கள் பலவற்றில் அடிப்பகுதியின் உட்புறம் சுருள் வரிகள் இருக்கும். ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம், இதைப் போலியாகச் செய்வது கடினம். மரை முடியும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெம்மின் ஆப்பு மரைப் பகுதிக்குள் நின்று இறுக்கப்பட்டிருந்தால் அங்கே புடைப்போ விரிசலோ வந்திருக்கும். ஸ்டியரர் உடைந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். இதில் பேரம் பேச எதுவும் இல்லை.

நூல் சோதனை

பின் டிராப்அவுட் (சக்கர அச்சு பொருந்தும் பிளவு) ஒன்றில் நூலைக் கட்டுங்கள். முன்னால் கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்க டிராப்அவுட்டின் அதே இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். நூல் விறைப்பாக, எந்தக் குழாயையும் தொடாமல் நிற்க வேண்டும். இப்போது இருக்கைக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் வெர்னியரால் அளங்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் என்றால் நல்ல பிரேம். 2 மி.மீ. என்றால் ஸ்டீலை நேர்செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். அந்தச் செலவை விலையில் கழியுங்கள். அதற்கு மேல் என்றால் பிரேம் ஏன் கோணியது என்ற காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

நூல் காட்டாத ஒன்று உண்டு: முறுக்கம். பிரேமின் முன்னால் மூன்று நான்கு அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, தலைக்குழாயையும் இருக்கைக்குழாயையும் ஒரே பார்வையில் பாருங்கள். இரண்டின் விளிம்பும் இணையாக இருக்க வேண்டும்.

பின் டிராப்அவுட்டுகளின் உள்இடைவெளியை அளங்கள். பின்னால் ஐந்து பல்சக்கர காலத்து பிரேம் 120 மி.மீ., ஆறு, ஏழு காலத்தது 126, எட்டும் அதற்கு மேலும் 130. 126 இருக்கும் ஸ்டீல் பிரேமை 130க்கு விரிப்பது வழக்கமான வேலைதான். பக்கத்துக்கு 2 மி.மீ. சமமாக விரிகிறதா என்று நூல் பிடித்துப் பார்த்து, டிராப்அவுட் முகங்களையும் இணையாக்க வேண்டும். ஒரே பக்கத்தைப் பிடித்து இழுத்தால் சக்கரம் நடுவில் நிற்காது. வலது டிராப்அவுட்டில் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) தொங்கும் காதையும் பாருங்கள். வலப்பக்கம் விழுந்த சைக்கிளில் அது உள்பக்கம் மடங்கியிருக்கும். ஸ்டீல் காதை நிமிர்த்தலாம். ஆனால் அதன் மரையில் விரிசல் இருந்தால் தாங்காது.

பி.பி.: இத்தாலிய மரையின் தனிக் குணம்

இங்கே கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

இத்தாலிய பி.பி. கூட்டின் அகலம் 70 மி.மீ.; மரை 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. ஆங்கில மரை கொண்ட கூடு 68 மி.மீ. அகலம், 1.37 அங்குல விட்டம். கூடு காலியாக இருந்தால் உள்விட்டத்தை அளங்கள்: இத்தாலியம் 35 மி.மீ.யை ஒட்டி வரும், ஆங்கிலம் 34க்குக் கீழே நிற்கும்.

பெரிய வித்தியாசம் மரையின் திசையில் இருக்கிறது. ஆங்கிலக் கூட்டில் வலப்பக்கக் கப் (பேரிங்கைத் தாங்கும் மரையிட்ட வளையம்) இடது மரை, அதாவது எதிர்த்திசையில் இறுகுவது. இத்தாலியத்தில் இரு பக்கமும் வலது மரை. பெடல் மிதிக்கும்போது பேரிங்கின் மேல் விழும் சுமை சுற்றிச் சுற்றி நகர்வதால், கப் அச்சுக்கு எதிர்த்திசையில் கடுகளவு கடுகளவாக நகரப் பார்க்கும். வலப்பக்கத்தில் அந்த நகர்வு வலது மரையைக் கழற்றும் திசையில் அமைகிறது. அதனால் இத்தாலிய பிரேமில் வலது கப் தானாகத் தளர்வது பழைய தொல்லை. தளர்ந்த கப்போடு ஓட்டிக்கொண்டே இருந்தால் மரை தேய்ந்து தூளாகும்.

மரை தேய்ந்தால் என்ன செய்வது? ஆங்கிலக் கூடு தேய்ந்தால் அதைச் சற்றுப் பெரிய இத்தாலிய அளவுக்கு மரை வெட்டிக் காப்பாற்றலாம். இத்தாலியக் கூடு தேய்ந்தால் போவதற்கு அடுத்த பெரிய அளவு இல்லை. மரையில்லாத, உள்ளே விரிந்து பிடிக்கும் வகை பி.பி. மட்டும்தான் மிச்சம். ஆகவே கப்பைக் கழற்றி மரையைப் பார்க்காமல் நல்ல விலை கொடுக்க வேண்டாம். கூட்டின் அகலம் 68, மரை மட்டும் இத்தாலியம் என்று வந்தால், தேய்ந்த ஆங்கிலக் கூட்டை மறுமரை வெட்டியிருக்கலாம் என்று சந்தேகியுங்கள்.

கூட்டைத் திறந்திருக்கும்போதே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மழைநீர் வந்து தேங்குவது அங்கேதான். மேற்பரப்பில் காவி நிறத் துரு சாதாரணம். செதில் செதிலாக உரிந்து வந்தால் செயின்ஸ்டேயின் (பி.பி.யிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாயின்) உட்புறமும் அப்படித்தான் இருக்கும்.

விரிசல் தேட வேண்டிய மற்ற இடங்கள்: வலது செயின்ஸ்டே பி.பி. கூட்டோடு சேருமிடம், வலது டிராப்அவுட் செயின்ஸ்டேயோடு சேருமிடம், கீழ்க்குழாயில் கியர் லீவர் திருகும் குமிழின் சுற்றுப்புறம், இருக்கை லக்கின் இறுக்கும் காதுகள். துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அழுக்கைத் துடைத்த பிறகு பாருங்கள். அழுக்குக் கோடும் விரிசலும் முதல் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

சீட்போஸ்ட்

இரண்டு விஷயம். முதலாவது, அது அசைகிறதா. அலுமினியப் போஸ்ட்டும் ஸ்டீல் குழாயும் ஈரத்தில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்தால் அரித்து ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். விற்பவர் முன்னிலையில் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்துத் திருகுங்கள். அசையவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெய் ஊற்றி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் போஸ்ட்டை உள்ளிருந்து ரம்பப் பிளேடால் அறுத்தெடுக்க வேண்டும். பொறுமையும் கைப்பழக்கமும் இல்லாதவர் அந்த பிரேமை விட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, அதன் விட்டம். எஸ்.எல். பிரேமில் 27.2 மி.மீ. போஸ்ட் போகும், எஸ்.பி.யில் 27.0. எஸ்.எல். ஸ்டிக்கர் ஒட்டிய பிரேமில் 26.6 போஸ்ட் இருந்தால் அது சுவர் தடித்த மலிவுக் குழாயாக இருக்கலாம். காதுகளை நெரித்து இறுக்கியதால் வாய் சுருங்கியும் இருக்கலாம், அதனால் குழாயின் வாயில் மட்டும் அளக்காமல் சற்று உள்ளேயும் அளங்கள்.

எடை

நடுத்தர அளவு எஸ்.எல். பிரேம் ஃபோர்க் இல்லாமல் இரண்டு கிலோவை ஒட்டி வரும். ஃபோர்க் 700 கிராம் பக்கம். இதைவிட அரைக்கிலோ கூடுதலாகத் தராசு காட்டினால் குழாய் வேறு என்று பொருள்.

இலகுத்தன்மையை இதற்கு மேல் துரத்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 1972-இல் மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓடிச் சாதனை செய்த கொல்னாகோ சைக்கிளின் எடை சுமார் 5.75 கிலோ. அது பிரேக்கும் கியரும் இல்லாமல், வழுவழுப்பான தளத்தில் ஒரு மணி நேரம் மட்டும் ஓடச் செய்தது. உங்களுக்குச் சாலையில் வேண்டியது வேறு. கணக்கும் எளிது: ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 500 கிராம் என்பது 0.6 சதவீதம். ஒரு மணி நேரம் பிடிக்கும் மலையேற்றத்தில் அது 20 வினாடி சொச்சம். சமதரையில் அதுவும் தெரியாது. இரண்டு பிரேம்களில் ஒன்று 300 கிராம் கூடுதலாகவும் நேராகவும் இருந்தால் அதையே எடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

"ஸ்டீல் மெத்தென்று இருக்கும்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சாலையின் அதிர்வை உங்கள் உடலுக்குக் கொண்டுவருவதில் டயருக்கும் காற்றழுத்தத்துக்கும் பிரேமைவிடப் பெரிய பங்கு. ஒரு பிரேமில் 28 மி.மீ. டயர், இன்னொன்றில் கல்லாக அடித்த 23 மி.மீ. டயர் என்று ஓட்டிவிட்டு பிரேமைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. ஆகவே ஒப்பிடும்போது ஒரே சக்கரங்கள், ஒரே டயர், ஒரே அழுத்தம். 70 கிலோ எடை உள்ளவர் 25 மி.மீ. டயரில் பின்னால் 85 பி.எஸ்.ஐ., முன்னால் 80 என்று தொடங்கலாம். சீட் உயரம், பி.பி.யிலிருந்து சீட் எவ்வளவு பின்தள்ளி இருக்கிறது, சீட் நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரை உள்ள தூரம், இந்த மூன்றையும் டேப் பிடித்துச் சமமாக்குங்கள். சீட் ஒரு செ.மீ. தாழ்ந்திருந்தாலே பிரேம் மந்தமாக ஓடுவதாகத் தோன்றும்.

டயர் மாட்டும்போது இடைவெளியையும் பாருங்கள். பந்தயத்துக்கென்று இறுக்கமாகக் கட்டிய 80களின் பிரேம்களில் 25 மி.மீ.க்கு மேல் ஃபோர்க் கிரவுனில் உரசும். எரோயிகாவின் வெள்ளைச் சரளைச் சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் 28 போகும் பழைய, சற்றுத் தாராளமான பிரேமைத் தேடுவது நல்லது.

ஐந்தாறு கி.மீ. சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் கரடான தளம் கொஞ்சம், ஏற்றம் ஒன்று, வளைவுள்ள இறக்கம் ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை பழகுவதற்கு.

கிளம்பும் முன் முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். "டக்" என்று அசைந்தால் ஹெட்செட் (தலைக்குழாயில் ஃபோர்க் சுழலும் பேரிங்) தளர்வு. அதைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. பிறகு போக்குவரத்து இல்லாத சமதரையில் 25 கி.மீ. வேகத்தில் கையை விட்டுப் பாருங்கள். நேராக உட்கார்ந்தால் நேராகப் போக வேண்டும். ஒரு பக்கமே இழுத்தால் நூல் சோதனைக்குத் திரும்புங்கள், ஃபோர்க்கையும் மறுபடி பாருங்கள்.

திருப்பத்தில் என்ன எதிர்பார்ப்பது? இத்தாலியப் பந்தய பிரேம்களில் தலைக்குழாய்ச் சாய்வு 73 டிகிரியை ஒட்டியும், ஃபோர்க்கின் முன்தள்ளல் 43 முதல் 45 மி.மீ. வரையும் இருப்பது வழக்கம். இதன்படி டயர் தரையைத் தொடும் இடம், தலைக்குழாயின் கோடு தரையில் விழும் இடத்துக்கு 56, 58 மி.மீ. பின்னால் அமையும். வேகத்தில் அமைதியாகவும், உடம்பைச் சாய்த்ததும் தயங்காமலும் திரும்புவதற்கு இது ஏற்ற அளவு. சின்ன அளவு பிரேம்களில் வேறொன்றையும் பாருங்கள்: மெதுவாகத் திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கலாம். பழகிக்கொள்ளலாம், ஆனால் வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்றத்தில் எழுந்து நின்று பெரிய முன் பல்சக்கரத்தில் பலமாக மிதியுங்கள். முன் டீரெய்லரில் செயின் மிதிக்கு ஒருமுறை உரசினால் பி.பி. பகுதி வளைந்து கொடுக்கிறது. 80 கிலோவுக்கு மேற்பட்டவர் 60 செ.மீ. எஸ்.எல். பிரேமில் ஏறினால் இது இயல்பு; அவருக்கு எஸ்.பி. அல்லது எஸ்.எல்.எக்ஸ். பொருந்தும். எடை குறைந்தவருக்கும் உரசினால் முதலில் கிராங்க் போல்ட்டையும் பி.பி. கப்பையும் பாருங்கள்.

இறக்கத்தில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். சில பிரேம்கள் 50, 60 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் நடுங்கத் தொடங்கும். நடுங்கினால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அது நடுக்கத்தை வளர்க்கும். ஒரு முழங்காலை மேல்குழாயில் அழுத்துங்கள், சீட்டிலிருந்து எடையைச் சற்றுத் தூக்குங்கள், மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். தளர்ந்த ஹெட்செட், கோட்டமுள்ள சக்கரம், நீளமான மெல்லிய குழாய்கள் எல்லாம் காரணமாகலாம். முதல் இரண்டையும் சரிசெய்த பிறகும் நடுங்கும் பிரேம் உங்கள் எடைக்கும் உட்காரும் விதத்துக்கும் ஒத்துவராதது.

இதே சந்தையில் ஸ்டீல் அல்லாதவையும் வரும். 1970களின் ஆலன் அலுமினிய பிரேமில் குழாய்களை லக்கில் மரையிட்டு ஒட்டியிருப்பார்கள். மிதிக்கும்போது கிறீச்சிட்டால் ஒட்டு விட்டிருக்கலாம், லக்கின் விளிம்புகளில் விரிசலும் தேடுங்கள். 1994-இல் வந்த கொல்னாகோ சி40 கார்பன் பிரேமில் ஒவ்வொரு குழாயையும் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மட்டும் மொத்தையானால் அங்கே உள்அடுக்கு பிரிந்திருக்கலாம். இந்த இரு வகை பிரேம்களின் பின் டிராப்அவுட்டுகளை விரிக்க முயலக் கூடாது.

வாங்கிய பிறகு முதல் வாரம்

பிரேமை முழுதாகக் கழற்றி, பி.பி. கூட்டின் வழியாகவும் காற்றுத் துளைகள் வழியாகவும் குழாய்களுக்குள் துருத்தடுப்பு மெழுகு எண்ணெயை அடித்து, எல்லாப் பக்கமும் திருப்பி ஒரு நாள் வடிய விடுங்கள். சீட்போஸ்ட்டுக்கு கிரீஸ் தடவுங்கள். பி.பி.யின் வலது கப்புக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம்: மரையை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நடுத்தரப் பிடிப்புள்ள மரைப் பசை இரண்டு சொட்டு விட்டு, அந்த பி.பி.க்குச் சொல்லப்பட்ட இறுக்கம் முழுவதும் கொடுங்கள். கார்ட்ரிட்ஜ் வகைகளுக்குப் பெரும்பாலும் 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். பிறகு கப்பையும் கூட்டையும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். 100 கி.மீ. ஓட்டியதும் அந்தக் கோட்டைப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் அன்றே கழற்றி, துடைத்து, மறுபடி பசை விட்டு இறுக்குங்கள்.